ஒரே பார்வையில் எட்டு

தெருவில் அவளுக்கு டிவி அக்கா என்று பெயர். சம்பளம் வாங்கிக்கொண்டு டிவி பார்க்கிறவள் என்று அர்த்தம். காலை எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும், குழாயடியில் குடத்தோடு நிற்கிற ஒருத்தி கேட்பாள்: "என்னக்கா, இன்னைக்கு என்ன படம்?"

"பழைய படம்தான். கடல்."

"கதாநாயகன் வந்துட்டாரா?"

"இன்னும் வரல."

ஆறு வருஷமாக இந்தப் பேச்சு மாறவில்லை. முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள், அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். இப்போதெல்லாம் நிற்காமலே சொல்லிவிட்டு நடக்கிறாள். நிஜமாகவே யாரும் வருவதில்லையே, அதுதான் காரணம்.

அவள் என்ன வேலை பார்த்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் வாழ்கிற தீவைச் சுற்றி இருநூறு முந்நூறு இடங்களில் கடலுக்கடியில் கேமரா இறக்குவார்கள். இரும்புச் சட்டம் ஒன்று, அதில் கேமரா, அதற்கு எதிரே ஒரு குழாயின் நுனியில் வலைப்பெட்டி. பெட்டிக்குள் நசுக்கிய மீன். நாற்றத்துக்குச் சுறாவும் திருக்கையும் வந்து மூக்கை நீட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிவிடுவார்கள். படகில் போய் அதை இறக்குகிறவர்கள் வேறு ஆட்கள். கேமரா பிடித்துக்கொண்டு வந்த படத்தை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறையில், மேஜை விசிறி முதுகில் அடிக்க உட்கார்ந்து, ஒரு நொடி விடாமல் பார்ப்பதுதான் அவள் வேலை. என்ன வந்தது, எத்தனை வந்தது, எத்தனையாவது நிமிஷம் வந்தது என்று எழுத வேண்டும்.

எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு. ஒரே சுறா நாற்பது தடவை வந்து வந்து போகும். நாற்பது என்று எழுதினால் போச்சு. அதனால், ஒரே பார்வையில், ஒரே நேரத்தில் திரையில் எத்தனை தெரிகிறதோ அதுதான் எண்ணிக்கை. ஒன்று போய் ஒன்று வந்தாலும் ஒன்றுதான். இரண்டு ஒன்றாகத் தெரிந்தால்தான் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது அவளுக்கு அநியாயமாகப் பட்டது. "நம்ம தெருவுல எத்தனை பேருன்னு ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாத்துச் சொல்ற மாதிரில்ல இருக்கு" என்றாள். அலுவலகத்தை நடத்துகிற மேடம் சிரித்தாள். "குறைச்சுச் சொன்னா பரவாயில்லக்கா. கூட்டிச் சொல்லிடக் கூடாது."

இந்த மேடத்தை அவள் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். அப்போது அவள் மீன் சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கேமராவோடு வந்த ஒருத்தி இரண்டு திருக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, இது வேற, அது வேற. முகத்தைப் பாக்காதீங்க, வாலைப் பாருங்க. இதுக்கு வால் அடியில தோல் மடிப்பு இருக்கு, அதுக்கு இல்ல." மேடம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுநாளே வந்து வேலைக்குக் கூப்பிட்டாள். படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பணிவு இருந்துவிட்டால் உலகம் எங்கேயோ போயிருக்கும்.

முதல் நாள் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பார்த்த இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். இடம் அவளுக்கே தெரியாது. படங்களுக்கு நம்பர் மட்டும்தான். தெரியாத இடத்தை எப்படிச் சொல்வது?

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளும் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தாள்.

வீட்டில் அவள் கணவன். கடலில் இருந்த காலத்தில் அவருக்கு மண்ணுக்காரர் என்று பெயர். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்ப்பார்கள் இல்லையா, அவர் அந்தக் குண்டின் அடியில் கொஞ்சம் சோப்பை அப்பி இறக்குவார். மேலே இழுத்தால் சோப்பில் கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரும். அதை விரலில் தேய்த்துப் பார்ப்பார், வெயிலில் காட்டிப் பார்ப்பார், சில சமயம் நாக்கில் வைத்தும் பார்ப்பார். பிறகு, "இன்னும் கொஞ்சம் தெக்க போ, இது பழைய கப்பல் கிடக்கற இடம்" என்பார். மற்றவர்கள் கரையைப் பார்த்து இடம் சொன்னார்கள், அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் மறுக்கவில்லை.

அப்படி இடம் கண்டு அவர் பிடித்து வந்தது கொஞ்சநஞ்சமல்ல. சுறாவும் திருக்கையும்தான் அவர் தொழில். ஒரே பயணத்தில் ஏழு வகை வந்த நாள் உண்டு. சுத்தியல் தலையோடு கொம்பன் சுறா, வரிப்புலிச் சுறா, துடுப்பு நுனியில் மை தொட்டாற்போலக் கறுத்த சுறா, பகலெல்லாம் குகைக்குள் படுத்தே கிடப்பதால் படகில் 'மாப்பிள்ளை' என்று கிண்டல் செய்கிற சோம்பேறிச் சுறா, கதவு அகலத்துக்கு ஆனைத்திருக்கை, சிறகடித்துப் பறக்கிற கழுகுத் திருக்கை, நீலப் பொட்டு வைத்த சின்னத் திருக்கை. படகுத் தட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அப்படி ஒரு நாளில்தான், செத்துவிட்டது என்று நினைத்து ஒதுக்கிய திருக்கை ஒன்று வாலை வீசி முள்ளைக் கெண்டைக்காலில் ஏற்றிவிட்டது. முள் பாதிதான் வெளியே வந்தது. புண் ஆறுவதுபோல் ஆறிப் பழுத்தது. மூன்று மாதத்தில் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அதன் பிறகு மாடி அறை, ஜன்னல், நாற்காலி. அவ்வளவுதான் அவருடைய தீவு.

அவள் இந்த வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவருக்கு ஒரு உயிர் வந்தது. மாலை ஐந்தரைக்கு அவள் படியேறும் சத்தம் கேட்டதுமே தலை வாரிக்கொள்வார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்: "என்ன வந்துச்சு?"

அவள் சொல்வாள். முதல் வருஷம் சொல்லி மாளாது. "கழுகுத் திருக்கை அஞ்சு, வரிசையா. கடைசியா வந்தது மட்டும் திரும்பி என்னையே பாத்துட்டுப் போச்சு." "உன்னைப் பாத்துச்சா? பயந்திருக்கும்" என்பார். "கீழ என்ன கிடந்துச்சு? மணலா, புல்லா?" என்று அடுத்த கேள்வி வரும். அவள் மணல் என்பாள், உடைந்த பவளம் என்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். பேசிக்கொண்டே தட்டில் இருப்பதைச் சாப்பிட்டு முடிப்பார். சொல்லாத நாளில் சாப்பாடு பாதியில் நிற்கும்.

மூன்றாம் வருஷம் வகைகள் குறைந்தன. ஐந்தாம் வருஷம் படங்கள் காலியாக வரத் தொடங்கின. நீலம், மணல், ஆடுகிற பெட்டி, நாலு குட்டி மீன். ஒரு மணி நேரம். அடுத்த நம்பர். நீலம், மணல், பெட்டி. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதி எழுதி அவளுக்குக் கை மரத்தது. எங்கே போயின என்று கேட்க வேண்டியதில்லை. எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் தன் கையாலேயே வெட்டியிருக்கிறாள். வெட்டியவள் கையே இப்போது பூஜ்யமும் எழுதுகிறதே என்று ஒரு நாள் தோன்றி, அந்தக் கறுப்புத் துணி அறையில் அழுதாள்.

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

தட்டு அப்படியே இருக்கும். அந்த வருஷம் அவர் பாதியாகக் கரைந்தார். சட்டை தோளில் தொங்கியது. இருக்கிற காலிலும் தெம்பில்லை, கழிவறைக்குப் போக அவள் தோள் வேண்டியிருந்தது. வைத்தியர் மாத்திரையை மாற்றினார், மாற்றியதை மறுபடி மாற்றினார். அவருக்கு என்ன மருந்து என்று அவளுக்குத் தெரியும். அது மருந்துக் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை.

அதனால் ஒரு நாள் பொய் சொன்னாள். "கொம்பன் சுறா மூணு."

அவர் நிமிர்ந்தார். "மூணா? கீழ என்ன கிடந்துச்சு?"

"புல்லு."

"எவ்வளவு உசரம்?"

"சின்னப் புல்லுதான்."

"வெளிச்சம் எப்படி?"

"நல்ல வெளிச்சம்."

"இந்த மாசத்துல, அவ்வளவு வெளிச்சத்துல, புல்லு மேல கொம்பன் மூணு." மெதுவாகச் சொன்னார். "எனக்குக் கால்தான்டி போச்சு."

இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் அதற்கப்புறம் பொய் சொல்லவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் படம். நாற்பது நிமிஷம் ஈ ஓட்டியாகிவிட்டது. தேநீர் குடிக்க எழலாமா என்று நினைத்தபோது வலது ஓரத்தில் மணல் அசைந்தது. அசைந்த மணலே எழுந்து வந்தது.

உழுவை.

அதைப் பார்த்திராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா. செய்தவன் பாதியில் மனசு மாறிவிட்டான் போலிருக்கும். கூர்மையான தட்டை மூக்கு, அகன்ற தோள், அதற்குப் பின்னால் கட்டுமஸ்தான சுறா உடம்பு, நிமிர்ந்த இரண்டு துடுப்பு, சாம்பல் முதுகில் வெள்ளைப் புள்ளிகள். ஆறு வருஷத்தில் அவள் திரையில் பார்த்த முதல் உழுவை. ஆள் நீளத்தைவிடப் பெரிது. இரண்டாவது துடுப்பின் பின்னோரத்தில் ஒரு வாய் கடித்ததுபோல் கிழிசல். வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. பெட்டியை முட்டியது, ஒரு சுற்று சுற்றியது, திரையைத் தன் வெள்ளை அடிவயிற்றால் நிரப்பிவிட்டுப் போனது.

மேடத்தைக் கூப்பிட்டாள். மேடம் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றபடியே மூன்று தடவை போட்டுப் பார்த்தாள்.

"குட்டி போட வந்திருக்குக்கா. போடற வரைக்கும் அங்கேயேதான் சுத்தும்." "திங்கட்கிழமை கடிதம் அனுப்பறேன். ரெண்டு வாரம் கொடுத்தா அந்த இடத்துல வலை போடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிடலாம். இந்த ஒண்ணைக் காட்டியே வாங்கிடலாம். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க."

"எனக்கு இடமே தெரியாதே மேடம்."

"தெரியாம இருக்கறதே நல்லதுக்கா."

உழுவை, ஒன்று, நாற்பத்தொன்றாவது நிமிஷம் என்று எழுதினாள். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்கு அது யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் போதும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

படியேறினாள். தலை வாரிக்கொள்ளும் சத்தம்கூட இல்லை. "என்ன வந்துச்சு?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்ட கேள்வி.

அவளால் எப்படி இருக்க முடியும், சொல்லுங்கள். ஆறு வருஷத்தில் வராதது வந்திருக்கிறது, கேட்கிறவர் எதிரே கிடக்கிறார். இடம்தானே சொல்லக் கூடாது?

"உழுவை" என்றாள்.

அவர் திரும்பவில்லை. "திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா?"

"சத்தியமா உழுவை. பொம்பள. வயிறு இவ்வளவு. ரெண்டாவது துடுப்புல கிழிஞ்சிருக்கு."

அவர் திரும்பினார். கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "கீழ என்ன கிடந்துச்சு? மணலா, புல்லா?"

"மணல். வெள்ளை மணல், நடுநடுவுல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்பா. இடது பக்கம் ஓரத்துல புல்லு."

"மணல்ல வரி இருந்துச்சா? நெருக்கமா, அகலமா?"

"நெருக்கமா, இப்படிக் குறுக்கே ஓடுது. தூரத்துல பாறை ஒண்ணு. நடுவுல குழிஞ்சிருந்துச்சு."

"ம்" என்றார். "வெளிச்சம்?"

"கலங்கலா."

"ம்."

எத்தனை நாளுக்குப் பிறகு இவ்வளவு கேள்வி! அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கேட்காததையும் சொன்னாள். அவர் தட்டைக் காலி செய்து இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். பாத்திரம் கழுவும்போது அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவள் மீறவில்லை. ஒரு இடத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை. மண்ணுக்காரரிடம் மண்ணை மட்டும்தான் சொன்னாள். முட்டாள்தனம் என்றால் இப்படியும் ஒன்று உண்டா?

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். அண்ணன் விட்ட படகை இப்போது ஓட்டுகிறவன். நாலு மாதமாக வலை காற்று வாங்குகிறது. வந்தால் அதையே புலம்புவான், போகிற போக்கில் "நீ இருந்தா மட்டும் என்னண்ணே, உன் சோப்புக்கட்டிக்கு இப்ப மீனெல்லாம் பயப்படறதில்ல" என்று ஒரு குத்து குத்துவான். அவன் சிரிப்புக்குத்தான் சொல்வான். அவர் சிரிக்க மாட்டார். அன்றைக்கு அவள் குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். கொழுந்தன் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பழைய களை இருந்தது. உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை.

புதன்கிழமை காலை மீன் இறங்குதுறையிலிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. பெரிய சுறா, திருக்கை எது இறங்கினாலும் போய் அளக்க வேண்டும். அளக்கிற ஆள் அன்று லீவு. "நீங்களும் வாங்கக்கா" என்றாள் மேடம்.

வெட்டுமேடை அவளுக்குப் புதிதல்ல. ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடும் சிமெண்ட்டுத் தரை, இரும்புக் கொக்கி, உப்பும் ரத்தமும் கலந்த வாடை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். துடுப்புகளை ஏற்கெனவே அறுத்துத் தனியாக அடுக்கியிருந்தார்கள். அவள் உடம்பைப் பார்க்கவில்லை, அடுக்கைத்தான் பார்த்தாள். மேலே இருந்த துடுப்பின் பின்னோரத்தில் ஒரு வாய் கடித்ததுபோல் கிழிசல்.

வெட்டுகிறவன் கத்தியை வயிற்றில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. முழங்கை நீளம், அதே கூர்மூக்கு, அதே துடுப்பு, முதுகில் அதே வெள்ளைப் புள்ளிகள், எல்லாம் முடித்து வைத்த வேலை. இன்னும் சில நாளில் பிறந்திருக்கும். அவள் குனிந்து ஒன்றைத் தொட்டாள். அசையவில்லை. எதுவும் அசையவில்லை.

"அண்ணி!" கொழுந்தன் வந்து பக்கத்தில் நின்றான். முகமெல்லாம் பல். "அண்ணன் அண்ணன்தான் அண்ணி. மிளகு மணல், குழிஞ்ச பாறை, இன்ன இடத்துல போடு, என் சோப்புக்கட்டி தப்புதான்னு பாருன்னார். ரெண்டு நாள் வலையில ஒண்ணுமில்ல. மூணாவது நாள் அவர் சொன்ன பாறைக்குப் பக்கத்துலயே மாட்டுச்சு. ஒரு அடி தப்பல."

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு என்ன தெரியும்? உத்தரவு வரவில்லை, அங்கே வலை போட்டது குற்றமுமில்லை. அவனுக்கு மீன் கிடைத்தது, அவ்வளவுதான். சொன்னவள் இவள். ஆறு வருஷம் அந்தக் கறுப்புத் துணி அறையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, கடைசியில் தானே வலை வரைக்கும் வழி காட்டிவிட்டாள்.

மேடம் காகித அட்டையைப் பிடித்தபடி நின்றாள். அவள் காதிலும் விழுந்திருந்தது. இருந்தாலும் வேலையை முதலில் கேட்டாள். "எத்தனைக்கா?"

அவள் நின்ற இடத்திலிருந்து, தலையைத் திருப்பாமல், ஒரே பார்வையில் எண்ணினாள். பெரியது ஒன்று, சின்னது ஏழு.

"எட்டு" என்றாள்.

மேடம் எழுதப் போனவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். ஆறு வருஷத்தில் உழுவைக்கு எழுதிய மொத்த எண்ணிக்கை ஒன்று. அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "இடத்தைச் சொன்னீங்களா?"

"இடம் எனக்குத் தெரியாது மேடம். என் வீட்டுக்காரர்கிட்ட மண்ணைச் சொன்னேன்."

"மண்ணையா?"

"மண்ணைச் சொன்னா போதும், அவருக்கு."

மேடத்துக்கு அது புரிந்ததா இல்லையா தெரியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்கு வர வேணாம்க்கா. நான் கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் இருவருமாகக் குனிந்து ஏழையும் ஒவ்வொன்றாக அளந்தார்கள். அளவுநாடாவின் ஒரு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள். ஏழின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அன்றைக்கும் ஐந்தரைக்குத்தான் படியேறினாள். நடுவில் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மேலே சீப்பின் சத்தம் கேட்டது. அவர் சுத்தமான சட்டை போட்டு, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தம்பியிடமிருந்து இன்னும் சேதி வரவில்லை போலிருந்தது. கண்ணில் அவ்வளவு ஆவல்.

"என்ன வந்துச்சு?"

அவள் செருப்பைக் கழற்றினாள். புடவை ஓரம் ஈரமாக, கறை பட்டிருந்தது.

"உழுவை."

"திரும்பவும் வந்துச்சா? அதேதானா?" ஒரு கவளம் எடுத்தார். "எத்தனை?"

"எட்டு."

"எட்டா?" கை வாய்க்கருகில் நின்றது. எத்தனையோ மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு அந்த முகத்தில் வந்தது. "ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துலதான். பெருசு ஒண்ணு. மத்த ஏழும் முழங்கை நீளம்."

"அப்போ போட்டுடுச்சு" என்றார். "குட்டி போட்டுடுச்சுடி. அங்கதான் போடும்னு எனக்குத் தெரியும். கீழ என்ன கிடந்துச்சு? மணலா, புல்லா?"

"சிமெண்ட்டு" என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அவளைப் பார்த்தார், பிறகு புடவை ஓரத்தைப் பார்த்தார். மண்ணைப் பார்த்து இடம் சொல்கிறவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே குழாயடியில் யாரோ குடத்தை வைத்தார்கள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் அதை எடுத்துப் போகவும் இல்லை, சாப்பிடச் சொல்லவும் இல்லை.